புதுவைக்கு அரண் எது?

மதிலும் அகழியும் பீரங்கியும் இருந்தால் ஒரு நகரம் பத்திரமாய் இருக்கும் என்று மன்னர்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதற்குத் தொலைவில் உள்ள ரோமாபுரியையோ பக்தாதையோ தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் புதுச்சேரியின் வரலாறே போதும்.

1760ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரரிடமிருந்த புதுச்சேரியைத் தரைவழியே முற்றுகையிட்டார். கடல் வழியை ஆங்கிலக் கப்பல்கள் அடைத்து நின்றன. கோட்டைக்குள் இருந்தவர் லாலி. அவரிடம் வீரர் இருந்தனர், வெடிமருந்தும் இருந்தது. உணவுதான் இல்லை. நவம்பர் மாத இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். போருக்கு உதவாதவர் என்று கருதப்பட்ட உள்ளூர் மக்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாய் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், கோட்டைக்கு வெளியே துரத்தப்பட்டனர். ஆங்கிலப் படையோ அவர்களைத் தன் எல்லையைக் கடந்து செல்ல விடவில்லை. முன்னே பகைவரின் துப்பாக்கி. பின்னே தம் ஊரின் பூட்டிய கதவு. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் கிழங்கும் வேரும் தோண்டித் தின்று அவர்கள் பல நாட்கள் உயிர் வாழ்ந்தனர். பின்னரே அவர்களுக்கு வழி விடப்பட்டது.

1761ஆம் ஆண்டு பிறந்த நாளன்று கடும்புயல் வீசிற்று. முற்றுகைக் கப்பல்கள் சில மூழ்கின. சில கரையில் மோதிச் சிதறின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். தரையில் ஆங்கிலப் படையின் கூடாரங்கள் பறந்தன. எதிரியைப் புயலே முறியடித்துவிட்டது போலத் தோன்றிற்று. ஆனால் பசியால் துவண்டிருந்த கோட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து தாக்க ஒருவருக்கும் வலுவில்லை. ஒரு வாரத்துக்குள் கப்பல்கள் மீண்டும் கூடின. சனவரி 16ஆம் நாள் புதுச்சேரி வீழ்ந்தது. வென்றவர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைக் கூறுகிறது. நீரும் சோறும் தீர்ந்த நகரத்துக்கு மதில் அரணாகாது என்பது ஒன்று. பற்றாக்குறை வரும்போது முதலில் வெளியே தள்ளப்படுபவர் ஏழைகளே என்பது மற்றொன்று. புவியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் இவ்விரண்டையும் நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நெல்லித்தோப்பில் நின்று பார்த்தால்

நெல்லித்தோப்பு, பழைய நகரின் மேற்கே அமைந்த பகுதி. நெல்லி மரங்கள் நிறைந்த தோப்பைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு இன்று வீடும் கடையும் நெருங்கி நிற்கிறது. மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் தெருவில் ஓடுகிறது. அதனை ஒட்டிய இந்திரா காந்தி சதுக்கத்தில் கனமழைதோறும் நீர் தேங்குவது புதுவையார் அனைவரும் அறிந்ததே.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நெடுநேரம் நின்று பொழிந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அதற்கு முன் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவான 21 சென்டிமீட்டரே பேரளவாகக் கருதப்பட்டது. தாழ்வான குடியிருப்புகளில் சிக்கியவர்களை மீட்க இராணுவத்தினர் படகுகளுடன் வந்தனர். பகைவர் எவரும் படையெடுத்து வரவில்லை, மழைதான் வந்தது. ஆயினும் அதை எதிர்கொள்ளப் படைவீரர் தேவைப்பட்டனர்.

புதுவைக்குப் புயல் புதிதன்று. 1916ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயலைப் பாரதியார் இங்கேயிருந்து கண்டு பாடியிருக்கிறார். 1952ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த புயல், பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் சாய்த்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வந்த தானே புயல், கடலூர் வட்டாரத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு பெயர்த்தது. ஆகவே ஒவ்வொரு புயலையும் வெப்பத்தின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அறிவியல் உறுதியாகக் கூறும் செய்தி ஒன்று உண்டு. காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுகிறது. ஆகையால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. கடல் உயர உயர, புயலலை முன்னிலும் உள்ளே வருகிறது. வெள்ளம் வடிய முன்னிலும் நேரமாகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புதுவைக் கடற்கரையின் மணல் மறைந்ததற்கு வெப்பத்தைக் காரணம் காட்டுவோர் உளர். அது சரியன்று. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. அதனால் வடக்கேயிருந்த மீனவர் குப்பங்கள் கரையை இழந்தன. இது மனிதன் கட்டிய சுவரால் வந்த கேடு. கரையை இவ்வாறு நாமே பலவீனமாக்கிய பிறகு கடலும் உயர்கிறது என்பதே கவலைக்குரியது.

நீரைத் தேடியவர்கள் கண்ட கரி

புதுவையின் நீர் வரலாறு சுவையானது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டு வரப்பட்டது. பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். பின்னர் பிரெஞ்சுப் பொறியாளர்கள் பூமியை ஆழத் துளைத்து, தானாகப் பொங்கி எழும் ஊற்றுக் கிணறுகளைத் தேடினர். 1880களில் பாகூர்ப் பக்கம் அவ்வாறு துளைத்தபோது நீரோடு வேறொன்றும் தென்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

அரை நூற்றாண்டு கழித்து, 1930களில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறத் துகள்கள் நீரோடு வெளிவந்தன. அவர் தேடியதும் நீர்தான். 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் அனல் மின்சாரம் பிறந்தது. இருண்டு கிடந்த சிற்றூர்கள் ஒளி பெற்றன. வயலில் பம்பு செட்டுகள் ஓடின. பிள்ளைகள் விளக்கடியில் படித்தனர். இந்த நன்றியை மறப்பது முறையன்று.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி, எரிதிறன் குறைவு. ஆகவே அதே அளவு மின்சாரத்துக்குக் கருநிலக்கரியை விட மிகுதியான கரிவளியை அது வெளியிடுகிறது. சுரங்கத்தின் அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலெழும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும். சுரங்கம் விரிய விரிய நிலம் இழந்தோர் தொகையும் பெருகிற்று. 2023ஆம் ஆண்டு சூலையில் சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டபோது தமிழகமே வருந்திற்று.

நிலக்கரியை எரிப்பதால் வெளிப்படும் வளி புவியைச் சூடாக்கும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரிவளி சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டியிருந்தது. நீரைத் தேடிக் கரியைக் கண்டோம். கரியை எரித்ததால் ஏறும் கடல் இப்போது கரையோரக் கிணறுகளில் உப்பைக் கலக்க வருகிறது. நாம் அளவின்றி நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் உப்புக்கு வழியும் எளிதாகிறது.

உலக அரங்கில்

புயலும் கடலும் அரசியலைப் புரட்டிப் போடும் என்பதற்கு வங்காளம் சான்று. 1970 நவம்பர் 12ஆம் நாள் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டனர். துயர் துடைப்பில் அரசு காட்டிய மெத்தனம் மக்கள் உள்ளத்தைப் புண்படுத்திற்று. அடுத்த மாதத் தேர்தலில் அவாமி லீக் பெருவெற்றி கண்டது. மறு ஆண்டு வங்காள தேசம் பிறந்தது. புயலே நாட்டைப் பிரித்தது என்பது மிகையாகும். மொழியும் பொருளாதாரமும் முன்பே பிளவை உண்டாக்கியிருந்தன. கைவிடப்பட்டோம் என்ற எண்ணத்தை உறுதியாக்கியது புயல். பின்னர் அந்நாடு புயல் காப்பகங்களையும் எச்சரிக்கை முறையையும் அமைத்தது. 2007இல் வந்த சிதர் புயலும் கொடியதே. ஆனால் உயிரிழப்பு சில ஆயிரங்களோடு நின்றது. ஆயத்தம் செய்த வேலை இது.

நம் அண்டை நாடான மாலத்தீவின் தரை, கடலுக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டரே. 1987ஆம் ஆண்டிலேயே அதன் தலைவர் மாஉமூன் அப்துல் கய்யூம் ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் ஆபத்தை எடுத்துரைத்தார். 2007 ஏப்ரலில் பாதுகாப்பு மன்றம் முதன்முறையாக இப்பொருளை விவாதித்தது. 2021 டிசம்பரில் தட்பவெப்ப மாற்றத்தைப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கொள்ளும் தீர்மானத்தை அயர்லாந்தும் நைஜரும் கொண்டு வந்தன. ரஷ்யா அதைத் தடுப்பாணையால் வீழ்த்திற்று. இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது.

இந்தியாவின் வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கரியை எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் சிலவும் அமர்ந்திருக்கும் மன்றம், ஏழை நாடுகளுக்குத் தடை விதிக்கும் மன்றமாக மாறிவிடக் கூடாது. எல்லா நாடுகளும் சமமாய் அமரும் மாநாட்டிலேயே இது தீர வேண்டும் என்பது அவ்வாதம். பாதுகாப்பு என்ற சொல்லைப் படைக்கலத்தோடு மட்டும் சேர்த்து நினைத்தால், வெள்ளத்தால் வீடிழந்து எல்லை தாண்டி வருபவனும் பகைவனாகவே தெரிவான். கோட்டைக்கும் முற்றுகைக்கும் இடையே சிக்கிய புதுவை மக்களின் நிலைதான் அவனுக்கும் வரும். ஆனால் எதிர்த்து வாக்களித்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

காற்றும் கதிரும்

மாற்று வழி புதியதன்று. காற்றால் ஏந்திரம் சுழற்றும் கலையை உலகுக்குக் காட்டிய நாடுகளில் முதன்மையானது பாரசீகத்தின் சீஸ்தான். அங்கே காற்றாலைகள் இயங்கியதைப் பத்தாம் நூற்றாண்டு அறிஞர் மஸ்ஊதி எழுதி வைத்திருக்கிறார். நம் மரக்காயர்களின் பாய்க்கப்பல்கள் ஒரு பிடி கரியும் எரிக்காமல் மலாக்காவரை சென்று மீண்டன. பருவக்காற்றைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கும் சொல்லே, பருவம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

அந்தக் காற்று இன்றும் நம்மிடம் வேலை செய்கிறது. 1986இல் தூத்துக்குடியில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தல் காற்றாலைக் காடாயிற்று. இன்று தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துள்ளது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கிற்று. புதுவையை அடுத்த ஆரோவில்லில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று கதிரொளியைக் குவித்து, பெருஞ்சமையலுக்கு நீராவி தருவதற்காக அமைக்கப்பட்டது. நெய்வேலி நிறுவனமே சூரிய மின்நிலையங்களை அமைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. மாலையில் கதிரவன் மறைகிறான். ஆடிக் காற்று ஐப்பசியில் வீசுவதில்லை. சேமிப்புக் கலங்கள் இன்றி இவை மட்டும் போதா. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள் கரிவளி இன்றி மின்சாரம் தருகின்றன. ஆனால் கழிவையும் விபத்தையும் குறித்துக் கரையோர மக்கள் எழுப்பும் அச்சம் நியாயமான விடையை எதிர்பார்த்து நிற்கிறது. எவ்வழியும் சுமையற்றதன்று. சுமையை எவர் தோளில் ஏற்றுகிறோம் என்பதையே ஆராய வேண்டும்.

புதுவை தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. காரைக்காலில் உள்ள எரிவாயு நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட் மட்டுமே. உணவு தீர்ந்த கோட்டை எப்படித் தளர்ந்ததோ, அப்படியே மின்கம்பி அறுந்த இரவில் நகரம் தளர்கிறது. குடிநீர் இறைப்பானும் மருத்துவமனையும் தொலைபேசியும் அந்தக் கம்பியையே நம்பியுள்ளன. வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு அமைக்க 78,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை 2024இல் மத்திய அரசு தொடங்கிற்று. பள்ளிவாசல், மதரஸா, திருமண மண்டபம் ஆகியவற்றின் விரிந்த கூரைகளும் வெயிலில் வெறுமனே காய்கின்றன. சேமிப்புக் கலத்தோடு தகடுகள் அங்கே இருக்குமானால், புயல் இரவில் அந்த இடம் தெரு முழுவதற்கும் விளக்கும் நீரும் தரும் காப்பகமாகும். எந்த மதத்தார் வந்தாலும் கதவு திறந்திருக்கும் காப்பகமாக அது அமைய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நீருக்கும் அவ்வாறே வழி உண்டு. 1999இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் புதுவையின் 84 ஏரிகள் மக்களின் பங்கேற்போடு சீரமைக்கப்பட்டன. தூர்வாரிய ஏரி, வெள்ளத்தையும் தாங்கும். கோடையில் ஊற்றையும் காக்கும். உப்பையும் தள்ளி நிறுத்தும். ஒளூவின் நீரையும் வீணாக்கக் கூடாதெனப் பயின்ற சமுதாயம், கூரை நீரைக் கடலுக்கு விட்டுவிடுவது பொருந்தாது.

1760இல் புதுவையின் அரண் பீரங்கியில் இருந்ததாக லாலி எண்ணினார். நெற்குதிர் வெறுமையாயிற்று, கதவுக்கு வெளியே ஏழைகள் வேரைத் தின்றனர். நம் காலத்தின் நெற்குதிர் ஏரியிலும் கூரையிலும் காற்றிலும் கதிரிலும் இருக்கிறது. அதனை இப்போதே நிரப்பிக்கொள்வோம். அடுத்த புயலில் எவரையும் கதவுக்கு வெளியே நிறுத்தாதிருப்போம்.