ரங்கூன் தேக்கும் காடி வெட்டும் கருவியும்

சென்ற மாதம் நமது வானொலியில் பர்மா தேக்கைப் பற்றி நான் பேசிய உரையைக் கேட்டுவிட்டுப் பலர் நிலையத்துக்கு நேரில் வந்தார்கள். பெரியவர்கள் ரங்கூனைப் பற்றிக் கேட்டார்கள். இளைஞர்கள் சிலர், அவர்களில் மூன்று பேர் மரப்பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், ரூட்டர் மிஷினைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத முடியுமா என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கதைதான். நான் பி.காம். படித்துக் கணக்கு எழுதிப் பிழைப்பவன், தச்சன் அல்ல. ஆனால் என் தாத்தா போட்டாதாங்கில் ஒரு மரவாடியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மரக்கணக்கு எங்கள் வீட்டுச் சொத்து.

போட்டாதாங் என்றால் பர்மிய மொழியில் ஆயிரம் படைத்தலைவர்கள் என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த புத்தரின் திருமுடியை ஆயிரம் தலைவர்கள் வரவேற்றார்கள் என்பது அங்குள்ள பகோடாவின் தலவரலாறு. ரங்கூன் ஆற்றங்கரையில் பகோடா, அதன் அருகே படகுத்துறை, சற்றுக் கிழக்கே பசுண்டாங் ஓடை. இரண்டாம் ஆங்கிலேய பர்மியப் போரில், 1852இல், ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்த பிறகு இந்த ஓடைக்கரையில்தான் அரிசி ஆலைகளும் அறுவை மில்களும் நெருங்கி எழுந்தன.

தேக்கு அங்கே வந்து சேர்ந்த விதம் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே காட்டில் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வெட்டுவார்கள். யானைகள் ஓடைக்கு இழுக்கும். மழைவெள்ளம் கட்டைகளைப் பேராற்றில் சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கோ மௌல்மேனுக்கோ ஓட்டி வருவார்கள். காட்டில் வளையம் வெட்டிய மரம் மில்லுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை காலம் முதல் முடங்கிக் கிடக்கும் என்பதால்தான் இந்தத் தொழில் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற பெரிய கம்பெனிகளின் கைக்குப் போயிற்று.

1863இல் தொடங்கிய அந்தப் பம்பாய் பர்மா கம்பெனி, எடுத்த கட்டைகளைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகச் சொல்லி 1885இல் தீபா மன்னரின் அரசவை 23 லட்சம் ரூபாய் செலுத்தச் சொன்னது. ஆங்கிலேய அரசு அதையே சாக்காக வைத்துப் படையெடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் மாண்டலேயில் காலூன்றிவிடுவார்களோ என்ற பயமும் உள்ளே இருந்தது என்பது வேறு விஷயம். நவம்பர் மாத முடிவுக்குள் மாண்டலே விழுந்தது. நாடு கடத்தப்பட்ட மன்னரை முதலில் இறக்கியது நம் சென்னையில்தான், ரத்தினகிரிக்குப் போனது அதற்குப் பிறகு. மரக்கட்டையை எண்ணியதில் வந்த தகராறு ஒரு ராஜ்ஜியத்தின் முடிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது என்றால், கணக்கர்களை இனிமேல் யாரும் லேசாகப் பேசக்கூடாது.

அந்தக் கணக்கு எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் தேக்கை ஹாப்பஸ் டன்னில் அளப்பார்கள். 1736இல் எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த முறை. கட்டையின் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கவேண்டும். சுற்றளவு 8 அடி, நீளம் 25 அடி என்றால், கால் பங்கு 2 அடி. இரண்டிரண்டு நாலு, நாலு இருபத்தைந்து நூறு. 50 கன அடி ஒரு ஹாப்பஸ் டன், ஆகவே அந்தக் கட்டை 2 டன். ஆனால் உருண்டையின் உண்மையான கன அளவு 127 அடிக்கு மேல். நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கிலேயே வருவதில்லை. சதுரமாக அறுக்கும்போது போகும் கழிவுக்காக விட்டுக்கொடுத்தது என்பார்கள். வாங்குகிறவனுக்கு லாபமான சட்டம் என்று தாத்தா சொல்வார்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால் பர்மா தேக்குத் தூண்களைக் காட்டி நகரத்தாரின் பெருமையைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், பெருமைதான். ஆனால் தெப்பம் ஓட்டியவன், ஓடைச் சேற்றில் நின்று கட்டை இழுத்தவன், துறைமுகத்தில் சுமந்தவன் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போன தெலுங்கரும் தமிழரும் ஒரியரும் பிறரும்தான். தச்சு வேலையில் கான்டன் பகுதிச் சீனர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. வேலைக்கு வசதியாகக் குட்டைக் கை சட்டை போட்டதால் பர்மியர்கள் அவர்களைக் குட்டைக் கைக்காரர்கள் என்றே அழைத்தார்கள். சுழலும் கருவிகள் வருவதற்கு முன்பே அவர்கள் கற்றிருந்த பாடம் அது. கைலியும் தோள் துண்டுமாக மிஷின் ஓட்டும் நம்மவர்கள் கவனிக்கவேண்டும்.

1941 டிசம்பர் 23ஆம் தேதியும் கிறிஸ்துமஸ் அன்றும் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் ஓடினார்கள். அதன் பிறகு டவுங்கப் கணவாய் வழியாகவும் தாமு, மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. 1943 நவம்பர் 8ஆம் தேதி நேசநாட்டு விமானங்களின் குண்டில் போட்டாதாங் பகோடா இடிந்தது. 1948இல் திருப்பிக் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே ஆட்கள் நடந்து போகும்படி வெற்றிடம் விட்டுக் கட்டிய பகோடா அது. போருக்குப் பின் திரும்பிப் போனவர்களில் தாத்தாவும் ஒருவர்.

1962இல் நே வின் ஆட்சி. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. மூன்று லட்சம் பேர் வரை வெளியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. பணமும் நகையும் எவ்வளவு கொண்டு போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. கையில் இருந்த தொழிலை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. இங்கே வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டபோது, கடன் கேட்டு நின்றவர்களுக்கு அந்தத் தொழிலே முதல்.

இனி இளைஞர்கள் கேட்ட மிஷினுக்கு வருகிறேன். மரத்தில் காடி எடுப்பது பழைய வேலை. கதவுச் சட்டத்தில் பலகை உட்காரக் காடி, கீல் பதியப் பள்ளம், கழுந்து நுழையத் துளை. இவையெல்லாம் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு செய்தவை. பள்ளத்தின் அடியைச் சமமாக்கச் சின்ன இரும்பு நாக்கு வைத்த கை இழைப்புளி ஒன்று உண்டு. அதுதான் ரூட்டரின் பாட்டி. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் சிரக்யூஸ் ஊரைச் சேர்ந்த கார்ட்டர் என்ற அச்சுத் தச்சர் சின்ன மின் மோட்டாரில் வெட்டும் பிட்டைப் பொருத்தினார். 1929இல் ஸ்டான்லி கம்பெனி அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது.

அந்தப் பழைய வகையில் ஒரு குறை. பிட் எப்போதும் அடித்தட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையின் நடுவில் காடியைத் தொடங்க வேண்டுமானால், சுழலும் மிஷினையே சாய்த்து மரத்தில் இறக்கவேண்டும். எத்தனை விரல்கள் இப்படிப் போயிருக்கும்! ஜெர்மனியின் எலு கம்பெனி 1949இல் கொண்டுவந்த பிளஞ்ச் ரூட்டர் இதற்கு விடை. இரண்டு கம்பங்களும் ஸ்பிரிங்கும் மோட்டாரை மேலே தாங்கும். அடித்தட்டு மரத்தில் தட்டையாக உட்கார்ந்த பிறகு, கையால் அழுத்தினால் பிட் நேராக இறங்கும். பூட்டை விட்டால் தானே மேலே ஏறிவிடும். வெட்டு முடிந்ததும் முதலில் பிட்டை மேலே ஏற்று, பிறகு சுவிட்சை அணை, சுழற்சி நின்ற பிறகே கீழே வை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

பிட்டை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கவேண்டும். பிட்டின் தண்டு முக்கால் பங்காவது பிடிக்குள் போகவேண்டும். அடிவரை முட்டித் தள்ளாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து முடுக்கவேண்டும். முட்டி நின்றால் பிடி சரியாக இறுகாது, ஓட்டத்தில் பிட் நழுவும்.

வேகத்தில் என் தொழில் உதவும். 12 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆட்டோ வேகம். அதே மிஷினில் 50 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி 22,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் மணிக்கு 207 கிலோமீட்டர். பிட் பெரிதானால் சுற்றைக் குறைக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பிட்டோடு வரும் தாளில் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும்.

தள்ளும் திசைதான் உயிர்நாடி. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார திசையில் சுற்றும். பலகையின் வெளி விளிம்பில் வேலை செய்தால் மிஷினைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகர்த்து. சட்டத்தின் உள்விளிம்பு என்றால் கடிகார திசையில். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், மிஷின் கைக்கு அடங்கும். மாற்றித் தள்ளினால் பிட் சக்கரம்போல உருண்டு ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். பலகையின் நாலு பக்கமும் ஓட்டுவதானால் குறுக்கு முனைகளை முதலில் முடியுங்கள். அங்கே பெயரும் சிராயை நீளவாட்டு வெட்டு சுத்தம் செய்துவிடும்.

ஆழத்தையும் தவணையில் கட்டவேண்டும். 6 மில்லிமீட்டர் பிட்டால் 12 மில்லிமீட்டர் ஆழக் காடி என்றால், தடவைக்கு 3 வீதம் நாலு தடவை. மிஷினில் உள்ள மூன்று படி நிறுத்தி இதற்காகத்தான். அச்சுப்பலகை வைத்து வெட்டும்போது வழிகாட்டி வளையத்தின் வெளிவிட்டத்தில் பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். வளையம் 17, பிட் 10 என்றால் மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் கணக்கில் சேர்க்காமல் அச்சு வெட்டினால் கீல் உட்காராது. நல்ல மரத்தில் இறங்குமுன் கழிவுத் துண்டில் ஒருமுறை வெட்டி அளந்து பார்ப்பது வழக்கமாகட்டும்.

தேக்குக்குத் தனிச் சங்கதி உண்டு. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, அதாவது மணலின் சத்து. சாதாரண எஃகுப் பிட் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிட் வெட்டாது, மரத்தைக் கருக்கும், கையை உதறும். ஜெர்மானியர்கள் 1920களில் உருவாக்கிய டங்ஸ்டன் கார்பைடு முனைதான் தேக்குக்குத் தாங்கும். விலை கூட என்று தயங்கவேண்டாம். தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொடுக்கும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. கைக்குட்டையை மூக்கில் கட்டினால் போதாது. தூசிக்கான முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் பிட் அதைப் பிடித்து இழுத்துவிடும்.

நம் குடியிருப்பிலேயே ஒரு பையன் பட்டறையில் இரண்டு விரலை இழந்தான். மிஷினை வாங்கித் தந்தவர்கள் ஒரு நாள்கூடப் பயிற்சி தரவில்லை. நல வாரியத்திலும் அவன் பெயர் பதிவாகியிருக்கவில்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது, தச்சர்களும் அதில் பதிவு செய்யலாம். விபத்து உதவி பெறப் பதிவு முக்கியம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை நிலையத்துக்கு வாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன்.

கடைகளில் இன்று பர்மா தேக்கு என்று சொல்லி விற்பதையெல்லாம் நம்பிவிட வேண்டாம். 2014 ஏப்ரல் முதல் மியான்மார் முழுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது. பழைய வீடுகளை இடித்து வரும் வாசக்கால்களில் உண்மையான பர்மா மரம் இன்னும் கிடைக்கிறது. அவற்றில் ரூட்டரை இறக்குமுன் பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடுங்கள்.