மலையடியில் ஒரு லைக்கா

1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நம்மூரில் தங்கியிருந்தார். 14ஆம் தேதி இரவு வானில் மெல்ல நகர்ந்த ஒளியைக் கண்டு அவர் மணி பார்த்தார், 8.47. இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். அவர் வைத்திருந்த கேமராவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சின்ன லைக்கா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். ஃப்ளாஷ் அவருக்குப் பிடிக்காது.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். சாதாரண ஆட்கள் கைக்கு எட்டத் தொடங்கியது 2003இல், ஆயிரம் டாலருக்குள் கேனான் 300டி வந்தபோது. இப்போது ரிடையரான நண்பர்கள், எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். பாடி பழையதானாலும் பரவாயில்லை, காசை லென்ஸில் போடுங்கள் என்பேன். ஆரம்பநிலை கேமராக்களின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. அதனால் 35 மி.மீ. லென்ஸ் போட்டால்தான் ஏறக்குறைய அந்த 50இன் பார்வை கிடைக்கும். எஃப் 1.8 ஆக இருந்தால் மாடவீதியின் அந்தி வெளிச்சத்துக்கும் தாங்கும். ஜூம் இல்லையே என்பார்கள். நாலடி நடக்கலாமே!

கார்த்திகை தீபத்துக்கு மட்டும் ஸ்டாண்ட் வேண்டும். 2668 அடி உயர மலையுச்சிக்கு எந்த ஃப்ளாஷும் எட்டாது. முதல் வருஷம் நானும் ஃப்ளாஷ் அடித்தேன். முன்னால் நின்றவரின் தலை பளிச்சென்று விழுந்தது, மலை ஒரே கறுப்பு. மறுவருஷம் ஃப்ளாஷை அணைத்து, ஃபோகஸைக் கையால் திருப்பி, 2 விநாடி திறந்து வைத்தேன். தீபம் குங்குமப் பொட்டளவுதான். ஆனால் மலை முழுசாக வந்திருந்தது.