ஏலமும் லேலமும்

போடிநாயக்கனூருக்கு முதன்முறை வரும் வெளியூர்க்காரரைச் சற்றே மயங்கச் செய்வது ஒரு சொல். அங்கே ஏலம் ஏலத்திற்கு வருகிறது. மணப்பொருளாகிய ஏலம் தமிழில் மிகப் பழைய சொல். விலைகூறி விற்கும் ஏலமோ போர்த்துக்கீசியர் வழியாகக் கரையேறியது. அவர்கள் மொழியின் 'லெய்லாவ்' மலையாளத்தில் 'லேலம்' ஆயிற்று. லகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தொல்காப்பிய வரம்புக்கு இசையத் தமிழ் நாக்கு முதல் மெய்யை உதிர்த்து, 'ஏலம்' என்று இருத்திக்கொண்டது. போடிமெட்டுக்கு மேற்கே லேலம். வளைவுகள் இறங்கி அடிவாரம் வந்தால் ஏலம். வந்த சொல்லைத் தமிழ் விரட்டவுமில்லை, வந்த கோலத்திலேயே விட்டுவிடவுமில்லை.

சொல்லுக்கு நேர்ந்தது மலைக்கும் நேர்ந்தது. 1877-இல் ஏலமலைக் கண்காணிப்பாளராயிருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1879-இல் தோட்டக்காரர் சங்கம் ஒன்று அமைந்தது. காப்பி, சின்கோனா, ஏலம், கற்றாழை நார் என்று கைக்கெட்டியதையெல்லாம் நட்டுப் பார்த்தார்கள். உயரமும் குளிரும் இறுதியில் தேயிலையையே ஏற்றன. அந்தத் தேர்வுக்குச் சோலைக்காடுகள் கொடுத்த விலையையும், சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர் கொடுத்த விலையையும் தோட்ட வரலாறுகள் சுருக்கமாகவே சொல்கின்றன. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தன. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலை 1924 வெள்ளம் அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவேயில்லை. கீழே மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது.

ஏலத்தின் கதை இன்னும் நுட்பமானது. மலபார் வகையின் பூஞ்சரம் தரையோடு படரும். மைசூர் வகையினது நிமிர்ந்து நிற்கும். இரண்டின் இயற்கைக் கலப்பாகக் கருதப்படும் வழுக்கையினது நடுவே சாய்ந்திருக்கும். விதையிலிருந்து முளைப்பவை தாய்ச்செடியை அப்படியே ஒப்பதில்லை. ஆகவே பழைய தோட்டம் ஒவ்வொன்றும் நூறு குணங்கள் கலந்த கூட்டமாயிருந்தது. விளைச்சல் மிகக் குறைவு. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியச் சராசரி ஹெக்டேருக்கு 100 கிலோவைக்கூட எட்டவில்லை. இதற்கிடையே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாகக் குவாத்தமாலாவுக்குச் சென்ற ஏலம் அங்கே தழைத்து, உலகச் சந்தையில் தன் தாய்மண்ணையே முந்தியது.

அந்த நெருக்கடிக்கு மாற்று கண்டவர் கட்டப்பனைப் பகுதியின் உழவர் ஒருவர். செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்து வழுக்கைத் தூர்களைக் கூர்ந்து நோக்கி, காய்ப்பில் மிகுந்தவற்றைத் தெரிந்தெடுத்தார். அவற்றை விதையால் அன்றிப் பக்கக்கன்றுகளால் பெருக்கியதே முக்கியம். தேர்ந்த குணம் சிதறாமல் நின்றது. வீட்டுப் பெயரால் 'ஞள்ளானி' எனப்பட்ட அவ்வகை 1990-களில் மலையெங்கும் பரவியது. நன்கு பேணினால் ஹெக்டேருக்கு 1,000 கிலோவைத் தாண்டி விளைந்தது. போடியில் வீடும் மலையில் தோட்டமுமாக வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றின் கடனை அது தீர்த்தது.

ஆனால் ஞள்ளானி பசி மிகுந்த செடி. உரமும் நீரும் மருந்தும் அது கேட்டபடி கேட்கும். நிழலையும் குறைக்கச் சொல்லும். கையிலிருந்த பணத்தையும் நீரையும் எண்ணாமல் பிறர் நட்டார் என்று நட்டவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் தவித்தார்கள். மரநிழலை வெட்டாமல் ஒரு பகுதியில் புதியதும் ஒரு பகுதியில் பழையதுமாக வைத்தவர்களை ஊர் அன்று அச்சமுள்ளவர்கள் என்றது. நிழலில் நின்ற பழந்தூர்கள் குறைவாகக் காய்த்தாலும் கோடையைத் தாங்கின. இன்று ஆய்வாளர்கள் காடுகளிலும் பழந்தோட்டங்களிலும் தேடித் திரட்டுவது அப்படி எஞ்சிய வகைகளைத்தான். ஒன்றே மலை முழுதும் நிறைந்தால், ஒரே நோய் மலை முழுதையும் வெல்லக்கூடும்.

2007-இல் போடியின் ஏலக்கூடத்திற்கு மின்னணு முறை வந்தது. கூவி விலையேற்றிய குரல்கள் ஓய்ந்தன. வணிகர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள். மாதிரிக் காய்களின் சிறு பை மட்டும் கைக்குக் கை வருகிறது. திரையில் எண் ஏறிக்கொண்டிருக்க, அவர்கள் காயை உள்ளங்கையில் கொட்டிப் பருமனும் பச்சையும் பார்த்த பிறகே விரலை எடுத்துச் செல்கிறார்கள்.