மட்டை பிடித்தவனுக்கு என்ன பங்கு?

போன வருடம் அமெரிக்காவில் இருக்கும் என் மகன் போனில் பேசும்போது ஒரு செய்தி சொன்னான். "அப்பா, இங்கே காலேஜ் டீமில் ஆடுற பசங்களுக்கே இனிமேல் காலேஜ் நேராகப் பணம் கொடுக்கலாமாம். டி.வி. வருமானத்தில் பங்கு மாதிரி."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1970-களில் எங்கள் கல்லூரி கிரிக்கெட் அணியில் நான் பெரும்பாலும் பன்னிரண்டாவது ஆள். எங்களுக்குக் கிடைத்த பங்கு பஸ் சார்ஜும் ஒரு புளியோதரைப் பொட்டலமும். அதிலும் பொட்டலம் எல்லா மேட்சுக்கும் வராது.

ஆனால் போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பழைய நண்பன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பெயர் வேண்டாம். எங்கள் ஆர்.கே.பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பாய் விரித்த பிட்சில் அவன் வீசும் பந்து மார்பு உயரத்துக்கு எழும்பும். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, 1935-ல் தொடங்கிய ரோஹின்டன் பாரியா கோப்பைக்காக வெளியூரெல்லாம் போய் ஆடியவன். அந்தக் காலத்தில் விளையாட்டுக்காரனுக்கு உண்மையான சம்பளம் என்றால் அது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பாங்க் வேலை அல்லது ரயில்வே வேலைதான். அவனுக்கு இரண்டும் அமையவில்லை. முட்டி போனது. ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்தான்.

1993 நவம்பர் 24 இரவு. ஹீரோ கோப்பை அரை இறுதி, கல்கத்தா ஈடன் கார்டன். அவன் வீட்டுத் தறிக் கூடத்தில் ஒரு போர்ட்டபிள் டி.வி. முன்னால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் வேண்டும். டெண்டுல்கர் வீசி 3 ரன்தான் கொடுத்தார். இந்தியா 2 ரன்னில் ஜெயித்தது. கூடம் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகு அவன் என்னிடம் கேட்டான்: "ஏண்டா, பாவு அவங்க கொடுக்கிறாங்க, நூல் அவங்க கொடுக்கிறாங்க, எனக்குக் கூலி. அது புரியுது. இந்த ஆட்டத்துல டி.வி.காரனுக்கு எவ்வளவு, ஆடுறவனுக்கு எவ்வளவு?"

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அவன் இப்போது இல்லை. அவனுக்குச் சொல்வதுபோல இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் நாட்டில் ரொம்ப காலம் பணம் எதிர்த் திசையில்தான் ஓடியது. கிரிக்கெட்டை ஒளிபரப்ப தூர்தர்ஷன் வாரியத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று வாரியம்தான் தூர்தர்ஷனுக்குக் கட்ட வேண்டியிருந்தது. 1983-ல் கபில்தேவ் அணி உலகக் கோப்பையோடு வந்தபோது, பரிசு கொடுக்க வாரியத்திடம் காசில்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி நடத்திக் கொடுத்துத்தான் ஆளுக்கு ஒரு லட்சம் கிடைத்தது. என் வயதுக்காரர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

திருப்பம் 1991 நவம்பரில் வந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா முதன்முதலாக இந்தியாவுக்கு ஆட வந்தது. கல்கத்தா, குவாலியர், டெல்லி என்று மூன்று ஒருநாள் ஆட்டங்கள். அந்த ஊர் வாரியத்தின் அலி பாக்கர், "எங்கள் நாட்டில் காட்ட டி.வி. உரிமைக்கு எவ்வளவு கேட்கிறீர்கள்?" என்று கேட்டாராம். அப்போது வாரியத் தலைவர் மாதவராவ் சிந்தியா. உரிமை யாருடையது என்றே நம்மவர்களுக்குத் தெரியவில்லை என்றும், தூர்தர்ஷனைக் கேட்டபோது "உங்களுடையதுதான்" என்று பதில் வந்தது என்றும் சொல்வார்கள். வீட்டுக் கொல்லையில் புதையல் இருப்பதை விருந்தாளி வந்து சொன்ன கதை.

அடுத்து 1993. வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவுக்காக ஹீரோ கோப்பையை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷனும் அமைச்சகமும் விடவில்லை. 1885-ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டப்படி அலைவரிசை அரசாங்கத்துக்கே என்றார்கள். அந்த நிறுவனத்தின் கருவிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. நாங்கள் தறிக் கூடத்தில் கைதட்டிக்கொண்டிருந்தபோது டெல்லியில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.பி.சாவந்த், எஸ்.மோகன், பி.பி.ஜீவன் ரெட்டி. இவர்களில் எஸ்.மோகன் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அலைவரிசை மக்களின் பொதுச் சொத்து, அது அரசாங்கத்தின் ஏகபோகமும் இல்லை, தனியாரின் ஏகபோகமும் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். கிரிக்கெட்டுக்காகப் போட்ட வழக்கு நாட்டில் தொலைக்காட்சிக்கே கதவைத் திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு கணக்கு நம் கைக்கு அடங்கவில்லை. 1996 உலகக் கோப்பையின் டி.வி. உரிமையை மார்க் மஸ்கரேனாஸின் வேர்ல்டுடெல் 1 கோடி டாலருக்கு எடுத்தபோது ஊரே வாய் பிளந்தது. 2008-ல் ஐ.பி.எல். வந்தது. சோனி கூட்டணி 10 வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கும் சற்று மேல் கொடுத்தது. 2022 ஜூன் ஏலத்தில் 5 வருட ஐ.பி.எல். உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்று வைத்துப் பிரித்தால் ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி. ஐந்து லட்சம் கட்டி ஒளிபரப்பச் சொன்ன அதே வாரியம்தான் நண்பர்களே.

சரி, பணம் வந்துவிட்டது. என் நண்பன் கேட்டது பங்கைப் பற்றி.

டி.வி. வருமானத்தில் 70 சதவீதம் மாநிலச் சங்கங்களுக்கு என்பது வாரியத்தின் நெடுநாள் ஏற்பாடு. தமிழ்நாட்டுச் சங்கம், ஆந்திரச் சங்கம் எல்லாம் இதில் வரும். அந்தப் பணம் அங்கே எப்படிச் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2016-ல் கேள்வி எழுப்பியது தனிக் கதை. ஐ.பி.எல்.லில் ஒளிபரப்புப் பணத்தில் சுமார் பாதி அணிகளின் முதலாளிகளுக்குப் போகிறது. 2008-ல் சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தபோது, சிமெண்ட் கம்பெனிக்கு எதற்கு கிரிக்கெட் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பொதுப் பணத்தில் வருடா வருடம் பங்கு வரும் என்பது எனக்குத் தெரியாது.

ஆடுகிறவர்களுக்கு? வருமானத்தில் 26 சதவீதம் என்று வாரியம் ஒரு கணக்கு வைத்தது. அதில் 13 சதவீதம் இந்திய அணிக்கு, 10.4 சதவீதம் ரஞ்சி போன்ற உள்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு, மீதி 2.6 சதவீதம் பெண்களுக்கும் இளையவர்களுக்கும். 2021-ல் அறிவித்த கட்டணப்படி ரஞ்சியில் புதிதாக ஆட வருகிறவனுக்கே களத்தில் இறங்கினால் நாளுக்கு 40,000 ரூபாய். 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவனுக்கு 60,000. நான்கு நாள் ஆட்டத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பென்ஷனும் உண்டு. 2022-ல் மாதம் 15,000 வாங்கியவர்களுக்கு 30,000 ஆக்கினார்கள். மாதம் பிறந்தால் பென்ஷனை எதிர்பார்க்கும் நம் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பார்க்கிறவனையும் சட்டம் மறக்கவில்லை. 2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அறிவிக்கப்படும் ஆட்டங்களைத் தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் உரிமை வைத்திருப்பவருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25. கேபிளுக்குக் காசு கட்ட முடியாத தறிக் கூடத்திலும் இந்தியா ஆடுவதைப் பார்க்கலாம் என்பதற்கு இந்தச் சட்டம்தான் காரணம்.

ஆக, இந்திய அணிக்காரனுக்குப் பதில் இருக்கிறது, ரஞ்சிக்காரனுக்குப் பதில் இருக்கிறது. கல்லூரிக்காரனுக்கு? இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் கிரிக்கெட் வாரியத்தில் ஒரு உறுப்பினர்தான். லோதா குழுச் சீர்திருத்தத்தில் போன முழு உறுப்பினர் உரிமையை 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஓட்டு உண்டு. ஆனால் ரோஹின்டன் பாரியா ஆட்டத்துக்காக எந்தச் சேனலும் கோடிகளில் ஏலம் கேட்டதில்லை.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே கல்லூரி கால்பந்துதான் பெரிய திருவிழா. எந்தக் கல்லூரி எத்தனை ஆட்டம் டி.வி.யில் வரலாம் என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பிடியை உடைத்தது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்த வட்டாரக் கூட்டணிகள் தாங்களே உரிமையை விற்று, பணத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. பயிற்சியாளர்களுக்குக் கோடிகள் போயின. ஆடும் பையனுக்கு உதவித்தொகையும் சாப்பாடும் விடுதியும்தான்.

பங்கு பெரிதாக ஆக, கூட்டணியும் நிற்கவில்லை. மேற்குக் கரையின் பழைய கூட்டணியில் இருந்த 12 கல்லூரிகளில் 10 கல்லூரிகள் 2024-ல் வெளியேறின. பசிபிக் கடலோரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் ஆடுகின்றன. 1960 ஏப்ரல் 1-ல் வீட்டை விட்டு நகராமலே ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியவர்கள் நாங்கள். எங்களுக்கே இது விசித்திரமாக இருக்கிறது. நாங்களாவது மொழிக்காக மாறினோம்.

கடைசியில் 2025 ஜூனில் ஒரு வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனி ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு, முதல் வருடத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். 1984 தீர்ப்பிலிருந்து எண்ணினால் 41 வருடம். என் மகன் போனில் சொன்னது இதைத்தான்.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சொத்து யாருடையது என்று கேட்ட பிறகுதான் பணம் பிறந்தது. பங்கு எங்கே என்று கேட்ட பிறகுதான் பங்கு பிறந்தது. இங்கேயானாலும் அமெரிக்காவிலானாலும் யாரும் தானாக எடுத்துக் கொடுக்கவில்லை. சிந்தியாவிடம் ஒரு விருந்தாளி கேட்டார். வங்காளச் சங்கம் கோர்ட்டில் கேட்டது. ஆட்டக்காரர்கள் வாரியத்திடம் கேட்டார்கள். ஒக்லஹோமாக்காரர்கள் கேட்டார்கள், பிறகு அவர்களிடம் படித்த பையன்களே கேட்டார்கள்.

என் நண்பனும் கேட்டான். ஆனால் தறிக் கூடத்தில், என்னிடம் கேட்டான். தறியில் கூலி உயர வேண்டும் என்றால் ஊர் கூடிக் கேட்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கூலிப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்றவன். பந்து வீசியதற்குக் கூலி கேட்க அவனோடு கூட யாரும் இல்லை. பன்னிரண்டாவது ஆளாக நின்ற நானும் கேட்கவில்லை.

டேய், உன் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நீ வீசிய பந்துகளுக்குக் கணக்கு எந்த ஏலத்திலும் இல்லை. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி.