நிகழ்பட ஆட்ட உள்ளூர்மயமாக்கலில் உள்ளடக்க மாற்றம்

நிகழ்பட ஆட்ட உள்ளூர்மயமாக்கலில் உள்ளடக்க மாற்றம் என்பது, ஒரு நாட்டில் உருவாக்கப்பட்ட நிகழ்பட ஆட்டத்தை மற்றொரு நாட்டில் வெளியிடும்போது அதன் சில பகுதிகளை நீக்குவதையோ, மாற்றுவதையோ, புதியவற்றைச் சேர்ப்பதையோ குறிக்கும். உரையாடல்களையும் பட்டியல்களையும் வேறு மொழிக்குக் கொண்டு செல்லும் மொழிபெயர்ப்பு இதன் ஒரு கூறு மட்டுமே. படங்கள், இசை, கதை, பாத்திரங்களின் பெயர்கள், ஆட்ட விதிகள், கடினத்தன்மை ஆகியனவும் இவ்வாறு மாற்றத்திற்கு உள்ளாகின்றன. இத்தகைய மாற்றங்கள் மூலப் படைப்பைச் சிதைக்கின்றன என்று ஒரு சாராரும், சில வேளைகளில் ஆட்டத்தை மேம்படுத்துகின்றன என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரு கருத்துகளுக்கும் தக்க எடுத்துக்காட்டுகள் நிகழ்பட ஆட்ட வரலாற்றில் உள்ளன.

பின்னணி

நூலையோ திரைப்படத்தையோ வேறு மொழிக்குக் கொண்டு செல்லும்போது பெரும்பாலும் சொற்களே மாறுகின்றன. நிகழ்பட ஆட்டம் நிரலால் இயங்குவது. எதிரி எத்தனை அடி தாங்குவான், ஆட்டக்காரருக்கு எத்தனை வாய்ப்புகள் உண்டு என்பன போன்ற எண்களை மாற்றினாலே ஆட்டத்தின் இயல்பு மாறிவிடும். இதனால் உள்ளூர்மயமாக்கலில் ஈடுபடுவோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் காட்டிலும் அதிக அதிகாரம் கிடைக்கிறது.

தொடக்க காலத்தில் தொழில்நுட்ப வரம்புகளும் இதில் பங்கு வகித்தன. ஜப்பானிய எழுத்துகள் குறைந்த இடத்தில் மிகுந்த பொருளைத் தரவல்லவை. அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதக் கூடுதல் நினைவகம் தேவைப்பட்டது. 1994-இல் வெளியான ஃபைனல் ஃபேன்டசி VI ஆட்டத்தை டெட் ஊல்சி என்பவர் ஏறத்தாழ 30 நாட்களில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இடமின்மையால் உரையின் பல பகுதிகளைச் சுருக்க நேர்ந்தது.

மாற்றத்திற்கான காரணங்கள்

உள்ளடக்க மாற்றங்களுக்குப் பின்வரும் காரணங்கள் முதன்மையானவை.

1. நிறுவனக் கொள்கை: 1980களின் பிற்பகுதியிலிருந்து நிண்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, சமயச் சின்னங்கள், குருதி, நிர்வாணம், மது ஆகியவற்றை ஆட்டங்களிலிருந்து நீக்கச் செய்தது. ஃபைனல் ஃபேன்டசி IV ஆட்டத்தில் 'ஹோலி' என்னும் மந்திரம் 'ஒயிட்' என மாற்றப்பட்டது. 1995-இல் அமெரிக்காவில் வெளியான எர்த்பவுண்ட் ஆட்டத்தில் மருத்துவமனைகளின் மீதிருந்த சிலுவைக் குறி அகற்றப்பட்டது. 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் வயதுத் தரப்படுத்தல் அமைப்பு ஏற்பட்ட பின்னர் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.
2. சட்டம்: ஜெர்மனி, ஆஸ்திரேலியா, சீனா போன்ற நாடுகளின் சட்டங்களும் தரப்படுத்தல் விதிகளும்.
3. வணிகம்: அமெரிக்காவில் கடைகள் ஆட்டங்களை வாடகைக்கு விட்டன. சில நாட்களிலேயே முடித்துவிடக்கூடிய ஆட்டத்தை யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள் என்று கருதிய வெளியீட்டாளர்கள் கடினத்தன்மையை உயர்த்தினர். 1996-இல் வெளியான ரெசிடென்ட் ஈவில் ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பில், துப்பாக்கி தானே குறிபார்க்கும் வசதி இவ்வாறு நீக்கப்பட்டது.
4. பண்பாட்டு வேறுபாடு: நகைச்சுவை, சொல்விளையாட்டு, உணவு, பள்ளி வாழ்க்கை முதலியன பிற நாட்டவருக்குப் புரியாமல் போதல்.
5. சமய, இன உணர்வுகள்: 2008-இல் லிட்டில்பிக்பிளானட் ஆட்டத்தில் இடம்பெற்ற ஒரு பாடலில் குர்ஆன் சொற்றொடர்கள் இருப்பது தெரியவந்ததும் அதன் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டு, பாடல் மாற்றப்பட்டது.

மேம்பாடாகக் கருதப்படும் மாற்றங்கள்

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2

1986-இல் ஜப்பானில் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 முதல் ஆட்டத்தைப் பெரிதும் ஒத்திருந்ததோடு மிகக் கடினமாகவும் இருந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் இதனை விரும்பமாட்டார்கள் என்று நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை கருதியது. எனவே, 1987-இல் ஃபுஜி தொலைக்காட்சியின் விழா ஒன்றையொட்டி வெளியிடப்பட்ட யுமே கோஜோ: டோக்கி டோக்கி பேனிக் என்னும் வேறோர் ஆட்டம் மாற்றியமைக்கப்பட்டு, 1988-இல் அமெரிக்காவில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 என்ற பெயரில் வெளியிடப்பட்டது.

இதில் பாத்திரங்களின் உருவங்களோடு ஆட்ட முறையும் மாறியது. மூல ஆட்டத்தில் ஓடும் வசதி இல்லை. புதிய பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. மூல ஆட்டத்தின் உண்மையான முடிவைக் காண நான்கு பாத்திரங்களைக் கொண்டும் அனைத்துக் கட்டங்களையும் தனித்தனியே முடிக்க வேண்டியிருந்தது. புதிய பதிப்பில் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் விரும்பிய பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அசைவூட்டமும் செம்மைப்படுத்தப்பட்டது. இவ்வாட்டம் 1992-இல் சூப்பர் மாரியோ யூ.எஸ்.ஏ. என்ற பெயரில் ஜப்பானிலேயே மீண்டும் வெளியிடப்பட்டது. இதில் அறிமுகமான ஷை கை, பேர்டோ முதலிய பாத்திரங்கள் மாரியோ தொடரில் நிலைபெற்றுவிட்டன.

ஃபைனல் ஃபேன்டசி VII

1997 சனவரியில் ஜப்பானில் வெளியான இவ்வாட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது, இரு வலிமைமிக்க எதிரிகள் உள்ளிட்ட புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டிருந்தன. சில வாரங்களில் இச்சேர்க்கைகளுடன் கூடிய 'இன்டர்நேஷனல்' பதிப்பு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டுப் பதிப்புக்கான கூடுதல் உழைப்பு மூல மொழி ஆட்டக்காரர்களுக்கும் பயன்பட்டது இதன் சிறப்பு.

போக்கிமான்

போக்கிமான் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் ஆட்டங்களின் ஜப்பானியப் பதிப்பில் (2009) சூதாட்ட இயந்திரங்கள் இருந்தன. சூதாட்டம் தொடர்பான தரப்படுத்தல் விதிகள் கடுமையாகியிருந்த சூழலில், 2010-இல் வெளியான மேற்கத்தியப் பதிப்புகளில் அவற்றுக்கு மாற்றாக, வரிசைகளின் ஓரத்தில் உள்ள எண்களைக் கொண்டு மறைந்திருக்கும் வெடிகளின் இடத்தை உய்த்தறியும் புதிர் ஒன்று சேர்க்கப்பட்டது. வெறும் நற்பேற்றை நம்பிய இடத்தில் சிந்தனைக்கும் இடம் கிடைத்தது.

இதே தொடரின் ஜின்க்ஸ் என்னும் பாத்திரம் கருநிற முகமும் தடித்த உதடுகளும் கொண்டிருந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச் சித்திரங்களை இது ஒத்திருப்பதாக அமெரிக்க எழுத்தாளர் கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்டு சுட்டிக்காட்டினார். பின்னர் அதன் முகம் ஊதா நிறமாக மாற்றப்பட்டது. ஆட்டத்தின் விதிகளோ கதையோ இதனால் எதையும் இழக்கவில்லை.

ஏஸ் அட்டர்னி

2001-இல் ஜப்பானில் வெளியான கியாகுட்டன் சாய்பன் ஆட்டம், 2005-இல் ஃபீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வழக்கறிஞரான கதைத்தலைவனின் மூலப் பெயர் நருஹோடோ என்பதாகும். ஜப்பானிய மொழியில் இது 'அப்படியா, விளங்கியது' என்னும் பொருளுடைய சொல்லை நினைவூட்டும். மொழிபெயர்ப்பாளர் அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தின் ஆங்கிலப் பதிப்பில் 'சரி' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் ஒலியையுடைய 'ரைட்' என்ற குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. பெயர்களில் உள்ள நகைச்சுவை ஆட்டத்தின் உயிர்நாடி என்பதால், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருந்தால் அது முற்றிலும் இழக்கப்பட்டிருக்கும்.

எனினும், கதைக்களம் ஜப்பானிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மாற்றப்பட்டது பின்னர் இடர்ப்பாட்டை ஏற்படுத்தியது. தொடர் வளர வளர ஜப்பானியக் கோயில்களும் சிற்றூர்களும் கதையில் முக்கிய இடம் பெற்றன. அவை அமெரிக்காவில் எவ்வாறு வந்தன என்பதை விளக்குவது கடினமாயிற்று. 2021-இல் ஆங்கிலத்தில் வெளியான த கிரேட் ஏஸ் அட்டர்னி கிரானிக்கிள்ஸ் ஆட்டத்தில் மெய்ஜி கால ஜப்பானும் ஜப்பானியப் பெயர்களும் அவ்வாறே தக்கவைக்கப்பட்டன.

குறைபாடாகக் கருதப்படும் மாற்றங்கள்

- பெர்சோனா (1996): அமெரிக்கப் பதிப்பில் பாத்திரங்களின் பெயர்களும் தோற்றங்களும் மாற்றப்பட்டன. 'பனி அரசி' என்னும் பெரியதொரு கதைப்பகுதி முழுவதும் விடுபட்டது. இப்பகுதி ஆங்கிலத்தில் கிடைக்க ஆட்டக்காரர்கள் 2009-ஆம் ஆண்டின் மறுபதிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.
- காசில்வேனியா III: 1989-இல் வெளியான ஜப்பானியப் பதிப்பின் கேட்ரிட்ஜில் கூடுதல் ஒலி வசதி தரும் சில்லு இருந்தது. வெளிநாட்டுக் கருவிகளில் அது இயங்காது என்பதால் 1990-இன் அமெரிக்கப் பதிப்பில் இசை எளிமையாக்கப்பட்டது. அத்துடன் பாத்திரம் ஒன்றின் கத்தி எறியும் திறனும் குறைக்கப்பட்டு ஆட்டம் கடினமாக்கப்பட்டது. முதலாவது மாற்றம் தவிர்க்க இயலாதது. இரண்டாவது விரும்பிச் செய்யப்பட்டது.
- டெவில் மே கிரை 3 (2005): ஜப்பானியப் பதிப்பின் 'கடினம்' என்னும் நிலை அமெரிக்கப் பதிப்பில் 'இயல்பு' எனப் பெயரிடப்பட்டது. இது பலரைச் சோர்வடையச் செய்ததால் 2006-இன் சிறப்புப் பதிப்பில் சரிசெய்யப்பட்டது.
- ஃபயர் எம்பளம் ஃபேட்ஸ்: 2016-இன் ஆங்கிலப் பதிப்பில், ஒரு பெண்ணின் பானத்தில் அவள் அறியாமல் மந்திரப் பொடி கலக்கும் காட்சி மாற்றி எழுதப்பட்டது. இதனைப் பலர் வரவேற்றனர். அதே பதிப்பில் வேறு இரு பாத்திரங்களின் உரையாடல் ஒன்று ஏறத்தாழ வெறும் புள்ளிகளாகக் குறைக்கப்பட்டது. இது அப்பாத்திரங்களின் உறவை அறியவொட்டாமல் செய்தது என்று விமர்சிக்கப்பட்டது. ஒரே பதிப்பில் இரு வகை மாற்றங்களும் அமையலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

ஜெர்மனி

உள்ளடக்க மாற்றம் மிகுதியாக நடைபெற்ற நாடுகளுள் ஜெர்மனி குறிப்பிடத்தக்கது. மனிதர்களைச் சுடும் காட்சிகளைத் தவிர்க்கும் பொருட்டு, கான்ட்ரா ஆட்டத்தின் மனிதப் பாத்திரங்கள் இயந்திர மனிதர்களாக்கப்பட்டு, 1990-இல் ஐரோப்பாவில் ப்ரோபோடெக்டர் என வெளியிடப்பட்டது. 1998-இன் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் ஜெர்மன் பதிப்பிலும் படைவீரர்கள் இயந்திரங்களாயினர்.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாசிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. கலை, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. திரைப்படங்கள் இவ்விலக்கைப் பெற்றன. நிகழ்பட ஆட்டங்கள் நெடுங்காலம் பெறவில்லை. 2017-இல் வெளியான வுல்ஃபென்ஸ்டைன் II: த நியூ கொலோசஸ், நாசிகள் வென்ற கற்பனை உலகில் அவர்களை எதிர்த்துப் போரிடும் ஆட்டமாகும். அதன் ஜெர்மன் பதிப்பில் இட்லரின் மீசை நீக்கப்பட்டது. 'நாசி' என்னும் சொல் தவிர்க்கப்பட்டது. யூதர்களைப் பற்றிய நேரடிக் குறிப்புகளும் அகற்றப்பட்டன. சின்னங்களைத் தடுக்க வந்த விதி, கொடுமைக்கு உள்ளானவர்களின் பெயரையே மறைக்கும் நிலைக்கு இட்டுச் சென்றதாக ஜெர்மன் இதழ்களில் கடும் விமர்சனம் எழுந்தது.

2018 ஆகத்து மாதம் ஜெர்மன் தரப்படுத்தல் அமைப்பான யூ.எஸ்.கே., ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்து இத்தகைய சின்னங்களை அனுமதிக்கலாம் என்று அறிவித்தது. நாசி ஆட்சிக்கு எதிரான பெர்லின் நகரக் குழு ஒன்றைப் பற்றிய த்ரூ த டார்க்கஸ்ட் ஆஃப் டைம்ஸ் இவ்வாறு அனுமதி பெற்ற முதல் ஆட்டங்களுள் ஒன்றாகும்.

ஜப்பானுக்குச் செல்லும் ஆட்டங்கள்

மாற்றம் ஒருவழிப் பாதையன்று. அமெரிக்க ஆட்டமான கிராஷ் பாண்டிகூட் ஜப்பானில் வெளியானபோது ஆட்டக்காரருக்கு உதவும் குறிப்புகள் சேர்க்கப்பட்டன. அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகைக் காட்டும் ஃபால்அவுட் 3 (2008) ஆட்டத்தில், ஒரு நகரை அணுகுண்டால் அழிக்கும் வாய்ப்பு ஜப்பானியப் பதிப்பில் நீக்கப்பட்டது. நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் பெயரைத் தாங்கிய ஆயுதமும் வேறு பெயர் பெற்றது. நகரைக் காப்பதா அழிப்பதா என்னும் தேர்வே அப்பகுதியின் மையம் என்பதால், நீக்கத்திற்குப் பின் காப்பதன் பொருளும் குறைந்துவிட்டது என்பது விமர்சகர்களின் வாதம்.

இந்தியா

2008-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி, ஃபால்அவுட் 3 ஆட்டத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என அறிவித்தது. இரு தலைகளையுடைய மாடுகளுக்கு ஆட்டத்தில் 'பிராமின்' எனப் பெயரிடப்பட்டிருந்ததே காரணமாகலாம் என்று பரவலாக ஊகிக்கப்பட்டது. ஒரு பெயரை மாற்றுவதைவிட வெளியீட்டையே கைவிடுவது ஆட்டக்காரருக்கு நன்மை தருமா என்னும் கேள்வியை இந்நிகழ்வு எழுப்புகிறது.

கருத்து வேறுபாடுகள்

மாற்றங்களை ஆதரிப்போர், மூல ஆட்டம் குறையற்றதன்று என்றும், உள்ளூர்மயமாக்கலுக்குக் கிடைக்கும் காலம் பிழைகளைக் களைய உதவுகிறது என்றும் கூறுகின்றனர். மூல மொழி ஆட்டக்காரர் பெற்ற அனுபவத்தையே பிறரும் பெற வேண்டுமாயின் சொற்கள் மாறியே ஆகவேண்டும் என்பது அவர்கள் கருத்து.

எதிர்ப்போர், படைப்பாளியின் நோக்கத்தை அறியும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு என்றும், எது நீக்கப்பட்டது என்பதே தெரியாதபோது அதன் நன்மை தீமையை மதிப்பிட இயலாது என்றும் வாதிடுகின்றனர். 1993-இல் மார்ட்டல் காம்பட் ஆட்டத்தின் சூப்பர் நிண்டெண்டோ பதிப்பில் குருதி சாம்பல் நிற வியர்வையாக மாற்றப்பட்டது. குருதியைக் காட்ட வழியிருந்த சேகா ஜெனசிஸ் பதிப்பே அதிகம் விற்றது. அடுத்த ஆண்டு வெளியான இரண்டாம் ஆட்டத்தில் நிண்டெண்டோவும் குருதியை அனுமதித்தது.

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளை ஒப்பிடும்போது சில பொதுத் தன்மைகள் புலப்படுகின்றன. பாராட்டப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை, நீக்கிய இடத்தில் வேறொன்றை உருவாக்கித் தந்தவை, அல்லது மூலத்தின் நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்றியவை. விமர்சிக்கப்பட்டவை பெரும்பாலும் வெற்றிடத்தை விட்டுச்சென்றவை, அல்லது ஆட்டத்திற்குத் தொடர்பில்லாத வணிக நோக்கால் செய்யப்பட்டவை. மூல உருவாக்குநர்களின் பங்கேற்பும் முக்கியமானது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2, ஃபைனல் ஃபேன்டசி VII ஆகியவற்றின் மாற்றங்களை மூல நிறுவனங்களே மேற்கொண்டன.

அண்மைக்கால நடைமுறை

உலகெங்கும் ஒரே நாளில் வெளியிடும் வழக்கம் பரவிய பின்னர், மாற்றங்கள் உருவாக்கத்தின்போதே செய்யப்படுகின்றன. ஃபால்அவுட் 3 ஆட்டத்தில் 'மார்ஃபின்' என்னும் மருந்தின் பெயரை ஆஸ்திரேலியத் தரப்படுத்தல் அமைப்பு ஏற்காததால், அது உலகப் பதிப்புகள் அனைத்திலும் 'மெட்-எக்ஸ்' ஆயிற்று. டோக்கியோ மிராஜ் செஷன்ஸ் ஆட்டத்தின் 2020-ஆம் ஆண்டு மறுபதிப்பு, மேற்கத்திய நாடுகளுக்காக மாற்றப்பட்ட உள்ளடக்கத்துடனேயே ஜப்பானிலும் வெளியானது. 2018-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ஆசியச் சந்தையை முன்னிட்டு ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆட்டத்தின் காட்சிகளை உலகெங்கும் மாற்ற முற்பட்டு, ஆட்டக்காரர்களின் எதிர்ப்பால் அம்முடிவைக் கைவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பதிப்பே இல்லாத நிலையில், இத்தகைய மாற்றங்களைக் கண்டறிவது முன்பைவிடக் கடினமாகியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- நிகழ்பட ஆட்டம்
- உள்ளூர்மயமாக்கல்
- மொழிபெயர்ப்பு
- தணிக்கை