பாட்டனார் பிறந்த ஊர்

வவுனியாத் தொகுதியின் பிரதிநிதியாக 1947ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் புகுந்தவர் செல்லப்பா சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக விளங்கியவர், டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியாகவும் அமர்ந்தவர். 1948 டிசம்பரில் அப்பதவியை அவர் துறந்தார். இந்திய வம்சாவளித் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி எழுந்த சட்டங்களே அதற்குக் காரணமாயின. குளமும் வயலுமாக வாழ்ந்த வன்னியின் பிரதிநிதிக்கும் தேயிலை மலைத் தொழிலாளருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை பின்னர் வரும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. இலங்கையிற் பிறந்த ஒருவரின் தந்தையார் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. யாவர்க்கும் பொதுவான விதிபோலத்தான் தோன்றும். ஆனால் தோட்டத்து லயத்திலே பிறந்த பாட்டனாருக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே? தலைமுறையாக ஒரே கிராமத்தில் வாழ்ந்தவரிடம் எவரும் வற்புறுத்திக் கேளாத கடதாசி, தொழிலாளியிடம் மட்டும் கேட்கப்பட்டது. 1949இல் வந்த இரண்டாவது சட்டம், தொடர்ந்து வசித்தமைக்கும் வருமானத்துக்கும் சான்று காட்டுவோர் விண்ணப்பிக்கலாம் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன; உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே.

வழக்கும் நடந்தது. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார் கோடகன்பிள்ளை. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. அதுவே அவர் பற்றிய துணை. உயர் நீதிமன்றம் இணங்கவில்லை. 1953இல் இலண்டனிலுள்ள கோமறைக் கழகமும் அவருடைய மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான அதிகாரம் என்று அது கொண்டது. நேரே செய்யக்கூடாததைச் சுற்றுவழியிலும் செய்யலாகாது என்ற நெறியை நீதிபதிகள் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இந்தச் சட்டம் அத்தகையதன்று என்றே முடித்தார்கள்.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1971இல், கிரிக்ஸ் என்பார் டியூக் மின்சாரக் கம்பனிமீது தொடுத்த வழக்கில், வேறு பாதையிற் சென்றது. வேலைக்கு வேண்டாத பரீட்சையும் பள்ளிச் சான்றும் கறுப்பினத்தவரைக் கழித்துவிடுமாயின், நோக்கம் எதுவாயினும் அது சட்டவிரோதம் என்றது. இன்று கணினியையும் சட்டத்தையும் ஒருங்கே ஆராயும் அறிஞர்கள் இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றனர். குற்றவாளி மீண்டும் குற்றம் புரிவாரா எனக் கணிக்கும் 'கொம்பாஸ்' என்ற கணினிமுறை இனத்தை வினவுவதில்லை. எனினும், மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரை, வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விகிதத்தில் அபாயமானவராக அது தவறிக் குறித்தது என 2016இல் ஒரு பத்திரிகை ஆய்வு காட்டியது. பிறப்புப் பதிவேடும் அக்காலத்துக் கணினிதானே!

இனி வன்னிக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறின. கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1983இல் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். முல்லைத்தீவின் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்த மலையக மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். மலையில் இல்லாத கடதாசி இங்கே காணி உறுதியாகவும் அனுமதிப் பத்திரமாகவும் உருமாறி நின்றது. காட்டை வெட்டியவன் தானே என்று காட்ட அவனிடம் இருந்தது கையிலேறிய காய்ப்பு ஒன்றுதான்.

1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டனார் எங்கே பிறந்தார் என்று அச்சட்டம் கேட்கவில்லை. சுந்தரலிங்கம் பதவி துறந்து அப்பொழுது ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.