துலாவும் இலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. அச்சுவேலியின் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கிணற்றுநீரே ஆதாரம். முன்னோர் துலாவால் இறைத்தனர். பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பயிருக்கு இறைத்த நீர் எங்கே செல்கின்றது என்பதை அறிஞர் உணர நெடுங்காலம் சென்றது.

இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீவன் ஹேல்ஸ், ஈயத்தகட்டால் வாய் மூடிய சட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைக் காலையும் மாலையும் நிறுத்தார். பகலில் அது சராசரி 20 அவுன்ஸ் நீரை இழந்ததெனக் கண்டு, 1727 இல் நூலாக வெளியிட்டார். வேர் உறிஞ்சிய நீரிற் பெரும்பகுதி இலைவழியே ஆவியாதல் இவ்வாறு அளந்தறியப்பட்டது. உயர்ந்த மரத்தின் உச்சிக்கும் நீர் ஏறுவது எங்ஙனம்? 1894 இல் டப்ளின் நகரத்து டிக்ஸனும் ஜோலியும் விடை பகர்ந்தனர்: இலைவாய்வழி ஆவி வெளியேறுந்தோறும், காழிலுள்ள நீரிழை அறாது மேலே இழுக்கப்படுகின்றது. கிணற்றில் துலா செய்யும் தொழிலைச் செடியில் இலை செய்கின்றது.

இவ்வுண்மை அச்சுவேலிக்குப் புறம்பானதன்று. இங்கே சுண்ணாம்புக்கற் பாறையினுள் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர். பயிருக்கு மிஞ்சிய நீர் மண்ணூடே கீழிறங்கிக் கிணற்றை மீளச் சேரலாம். இலை போக்கிய நீரோ அவ்வாறு மீளாது. அதனை ஈடுசெய்வது மாரிமழையே. மழை தந்ததினும் மிகுதியாக இறைப்பின் உவர் மேலெழும். ஆதலின் பயிரின் தேவையறிந்து இறைத்தலே கிணற்றைக் காக்கும் நெறியாகும்.